சும்மா இருந்தால் தேயும்

பி.காம். சேர்ந்த முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றிவிடுகிற ஒரு சமாசாரம், தேய்மானம். ஒரு லட்ச ரூபாய்க்கு மெஷின் வாங்கினால், வருடத்துக்குப் பத்தாயிரம் என்று கழித்துக்கொண்டே வரவேண்டும். ஓட ஓடத் தேயும். பத்து வருடத்தில் பேரேட்டில் மதிப்பு பூஜ்யம். அப்புறம் காயலான் கடை.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப்போடும் மெஷின் ஒன்று இருக்கிறது. ஓட்டினால் நன்றாக இருக்கும். சும்மா நிறுத்தி வைத்தால் கெட்டுப்போகும். அதைப் பார்க்க வேண்டுமானால் நெதர்லாந்துக்குத்தான் போகவேண்டும்.

காற்றாலை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஆரல்வாய்மொழி, முப்பந்தல். பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் வெள்ளை வெளேரென்று ஒல்லியான கம்பங்கள், மூன்று இறக்கைகள், உள்ளே ஜெனரேட்டர். நாம் பார்க்கப்போவது அது இல்லை. அதன் கொள்ளுத்தாத்தா. மரம், செங்கல், நாணல் கூரை, கித்தான் துணி. கரண்ட் என்ற வார்த்தையே பிறக்காத காலத்து யந்திரம்.

ஊரின் பெயர் கிண்டர்டைக். ராட்டர்டாம் நகரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர். படகிலேயே போய் இறங்கலாம். துறைமுகக் கிரேன்களும் கண்ணாடிக் கட்டடங்களும் மெல்ல மறைந்து, லெக் நதியும் நார்ட் நதியும் சேருகிற இடத்தில் ஒரு கிராமம். கரை மேல் ஏறி நின்றால், நேர்கோடாக ஓடும் கால்வாய்கள். இரண்டு பக்கமும் நாணல். அந்தத் தண்ணீரைக் காவல் காப்பது மாதிரி வரிசையாக நிற்கின்றன, 19 காற்றாலைகள். செங்கல்லில் கட்டிய எட்டு உருண்டை ஆலைகள் 1738-ல் கட்டியவை. எதிர்ப்பக்கம் நாணல் வேய்ந்த எட்டு எண்கோண ஆலைகள், 1740. இன்னும் இரண்டு, பக்கத்தில். தனியாக நிற்கும் ப்ளோக்வேர் என்ற ஆலை, இவை எல்லாவற்றையும்விடப் பழசு. 1997-ல் அந்த ஆலை தீப்பிடித்தது. போனால் போகட்டும் என்று விடவில்லை. பழைய முறையிலேயே மறுபடி எழுப்பினார்கள். அதே 1997-ல்தான் கிண்டர்டைக் மொத்தத்தையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஒரே இடத்தில் எதற்கு இத்தனை ஆலைகள்? மாவரைக்கவா?

இல்லை. தண்ணீர் இறைக்க.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். இந்தப் பிரதேசத்துக்கு ஆல்பிளாசர்வார்ட் என்று பெயர். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் முழுக்கச் சதுப்பு. செத்த செடிகொடிகள் காலகாலமாகப் படிந்து, ஸ்பாஞ்சு மாதிரி ஊறிக் கிடந்த மண். விவசாயிகள் வந்தார்கள். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நிலம் காய்ந்தது, பயிர் விளைந்தது. ஆனால் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் என்ன ஆகும்? சுருங்கும். இந்த நிலமும் சுருங்கியது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. பக்கத்திலிருந்த நதியோ அப்படியே இருந்தது. ஒரு கட்டத்தில் நிலம் கீழே, நதி மேலே. தானாக வடிந்துகொண்டிருந்த தண்ணீர் இனிமேல் வடியாது. வடித்தால்தான் விவசாயம், வடிக்க வடிக்க நிலம் இறங்கும். புலிவால் பிடித்த கதைதான்!

ஒற்றை ஆள் சமாளிக்கிற விஷயம் இல்லை இது. என் வயலைச் சுற்றி நான் கரை கட்டினாலும், உன் கரை உடைந்தால் என் வீட்டுக்குள் தண்ணீர். அதனால் 1277-லேயே ஐந்தாம் ஃப்ளோரிஸ் என்ற சிற்றரசர் இந்தப் பகுதிக்கென்று ஒரு நீர் வாரியத்தை ஏற்படுத்திவிட்டார். கரையைப் பார்த்துக்கொள்வது, வாய்க்காலைத் தூர் வாருவது, செலவை நிலக்காரர்களிடம் பிரித்து வசூலிப்பது எல்லாம் வாரியத்தின் வேலை. நெதர்லாந்தில் இன்றைக்கும் நீர் வாரியங்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேர்தல் நடக்கிறது, தனி வரி உண்டு.

அப்படியும் தண்ணீர் சும்மா விடவில்லை. 1421-ம் வருடம் நவம்பர் 18-ம் தேதி ராத்திரி பெரும் புயல். பக்கத்துப் பிரதேசம் வெள்ளத்தில் போனது. புயல் ஓய்ந்தபிறகு கரைக்கு வந்து பார்த்தார்களாம். தண்ணீரில் ஒரு மரத் தொட்டில் மிதந்து வந்தது. அது ஒரு பக்கம் சாயும்போதெல்லாம், ஒரு பூனை அடுத்த பக்கம் தாவித் தாவிச் சமன் செய்துகொண்டே வந்தது. கரை ஒதுங்கியதும் எட்டிப் பார்த்தால், உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கிண்டர்டைக் என்றால் குழந்தைகளின் கரை என்று அர்த்தம். கதை நிஜமோ பொய்யோ, அந்த ஊரின் வாழ்க்கை அதில் அப்படியே இருக்கிறது. தாவுவதை நிறுத்தினால் தொட்டில் கவிழ்ந்துவிடும்.

அந்தப் பூனையின் வேலையைத்தான் பிற்பாடு காற்றாலைகள் எடுத்துக்கொண்டன.

ஆலை எப்படி வேலை செய்கிறது? செங்கல் ஆலைகளில் ஒன்று மியூசியமாகத் திறந்திருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் புரிந்துவிடும். நான்கு இறக்கைகள். ஒரு நுனியிலிருந்து எதிர் நுனிவரை சுமார் 28 மீட்டர். இறக்கை என்றால் வெறும் மரச் சட்டம்தான். அதன்மேல், பாய்மரக் கப்பலில் கட்டுவது மாதிரி, கித்தான் துணியை விரிக்கவேண்டும். காற்று குறைவாக இருந்தால் முழுத் துணி. பலமாக அடித்தால் பாதி. புயல் என்றால் துணியே கிடையாது, சட்டம் மட்டும் சுற்றும். மேலே இருக்கிற தொப்பி போன்ற கூரையை, பின்பக்கம் நீளும் மர வாலைப் பிடித்து, காற்று வரும் திசைக்குத் திருப்பவேண்டும். இறக்கை சுற்ற, அச்சு சுற்ற, ஆளுயரத்தைத் தாண்டிய மரப் பல்சக்கரங்கள் சுற்ற, கீழே பிரமாண்டமான ஒரு துடுப்புச் சக்கரம் தண்ணீரை வாரி மேல்மட்டக் கால்வாயில் கொட்டும். நதியில் மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்தால், அந்தத் தண்ணீர் நதிக்குப் போய்விடும்.

கேட்க சுலபமாக இருக்கிறது இல்லையா? ஒரு நல்ல காற்றில் இறக்கை நிமிடத்துக்கு 20 தடவை சுற்றும். கணக்குப் போட்டால், இறக்கை நுனி மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதுவும் தரைக்கு ரொம்பப் பக்கத்தில். திடீர்ப் புயலில் பிரேக் போட்டும் ஆலை நிற்காவிட்டால், மரத்தோடு மரம் உரசி நெருப்பே பிடித்துவிடும். ஆகவே ஆலைக்காரர் ராத்திரி பகல் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அதனால் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தார்கள். மியூசியமாக இருக்கும் அந்த ஆலையில் ஒரு காலத்தில் 13 குழந்தைகளோடு ஒரு குடும்பம் வாழ்ந்தது. வளைந்த சுவருக்குள் அடக்கிய கட்டில்கள், ஒரு அடுப்பு, தலைக்கு மேலே கடகடவென்று சுற்றும் அச்சு. அந்த வீட்டுத் தாய் சுற்றும் இறக்கையில் அடிபட்டு இறந்துபோனார். போஸ்ட் கார்டில் அழகாகத் தெரியும் இறக்கைக்கு இப்படியும் ஒரு முகம் உண்டு.

இந்த இடத்தில் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். டச்சுக்காரர்களின் ஆலைகள் தண்ணீர் மட்டும் இறைக்கவில்லை. 1593-ல் கார்னலிஸ் கார்னலிஸோன் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். காற்றாலையின் சுழற்சியை, வளைந்த அச்சு ஒன்றின் மூலம் மேலும் கீழுமான அசைவாக மாற்றி, மரம் அறுக்கும் யந்திரம். ஆட்கள் நாள் கணக்கில் இழுத்து இழுத்து அறுத்த மரத்தை, காற்று மளமளவென்று அறுத்துத் தள்ளியது. ஆம்ஸ்டர்டாமின் மரமறுப்போர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. பிழைப்பு போய்விடுமே! அதனால் ஆலைகள் நகரத்தை விட்டுத் தள்ளி, ஸான் நதிக்கரையில் முளைத்தன. பலகை மலிந்தது. கப்பல் மலிந்தது. 1602-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்தது. 1610-ல் அவர்கள் பழவேற்காட்டில் கடை போட்டார்கள். 1613-ல் அங்கே கெல்ட்ரியா கோட்டை. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். நம் நெசவாளர்கள் நெய்த துணி கப்பலேறி இந்தோனேசியத் தீவுகளுக்குப் போய், அங்கே மிளகும் ஜாதிக்காயும் கிராம்புமாக மாறியது. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளுக்குப் பின்னால், எங்கோ ஒரு நதிக்கரையில் சுற்றிய மர இறக்கைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

இப்படிப் பணம் கொழித்த யந்திரத்தை வரி போடாமல் விடுவார்களா? காற்றுக்கே வரி போட்டார்கள். பிரபுவிடம் அனுமதி வாங்கி, காற்றைப் பயன்படுத்தும் உரிமைக்குப் பணம் கட்டினால்தான் ஆலை வைக்கலாம்.

19-ம் நூற்றாண்டின் நடுவில் நெதர்லாந்தில் சுமார் பத்தாயிரம் காற்றாலைகள் சுற்றின என்கிறார்கள். அப்புறம் வந்தது நீராவி. கிண்டர்டைக்கில் 1868-ல் நீராவி பம்ப் நிலையங்கள் வந்தன. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவை ஓடும். 1924-ல் மின்சார பம்ப். அடுத்த சில வருடங்களில் டீசல் பம்ப். பட்டனைத் தட்டினால் போதும், வானத்தை யார் பார்க்கவேண்டும்? நாடு முழுக்க ஆலைகளைப் பிரித்து விறகுக்கும் பழைய சாமானுக்கும் விற்றார்கள். பத்தாயிரத்தில் இப்போது மிஞ்சியிருப்பது ஆயிரத்து இருநூறு சொச்சம்.

கிண்டர்டைக் ஆலைகள் தப்பியதற்கு ஒரு காரணம், அவை முழுசாக வேலையை விடவில்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தது. எரிபொருள் தட்டுப்பாடு. பம்ப் நின்றால் வயலும் வீடும் தண்ணீருக்குள். அப்போது கைகொடுத்தவை ரிட்டயர் ஆக வேண்டிய இந்தக் கிழட்டு ஆலைகள்தான். மறுபடி பாய் விரித்து, இரவு பகலாக இறைத்தன. காற்றுக்கு ரேஷன் போட முடியாதே! 1950 வரைக்கும் அவை உழைத்தன.

இப்போது முதலில் சொன்ன தேய்மானக் கணக்குக்கு வருவோம்.

ஆலைகள் ஒவ்வொன்றாக விழுவதைப் பார்த்துப் பதறியவர்கள் சேர்ந்து 1923-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர், டி ஹாலண்ட்ஸ மோலன். ஹாலந்து ஆலை என்று அர்த்தம். அவர்கள் ஆரம்பத்தில் முயன்றது ஆலையை மியூசியம் ஆக்குவதற்கு அல்ல. இறக்கையின் வடிவத்தைச் செம்மைப்படுத்தி, பம்போடு போட்டி போடவைத்து, வேலையில் வைத்திருப்பதற்குத்தான். அந்தப் பந்தயத்தில் பம்ப் ஜெயித்தது. ஆனாலும் சங்கம் சளைக்கவில்லை. நன்கொடை திரட்டியது, அரசாங்கத்தின் கதவைத் தட்டியது, பல ஆலைகளைக் காப்பாற்றியது. பெயின்ட் அடித்துப் புது இறக்கை மாட்டிப் பளபளவென்று நிறுத்தினார்கள்.

சில வருடங்களில் தெரிந்துவிட்டது. நிறுத்திய ஆலை செத்துக்கொண்டிருந்தது!

காரணம் சிம்பிள். ஒரே நிலையில் நிற்கும் இறக்கையின் இடுக்கில் மழைத் தண்ணீர் தேங்கும், மரம் உளுக்கும். அசையாத பல்சக்கரத்தில் வண்டு குடியேறும். கூரையில் பாசி படரும். அச்சுக்கு அடிக்கடி பன்றிக் கொழுப்பு தடவவேண்டும், சக்கரப் பற்களுக்குத் தேன்மெழுகு பூசவேண்டும். ஓடாத ஆலைக்கு இதையெல்லாம் யார் செய்வார்கள்? ஓடினால் ஈரம் உலரும், வண்டு ஓடும். எங்கே லொடலொடக்கிறது என்று காதிலேயே தெரிந்துவிடும். ஆரம்பத்திலேயே ஆப்பு வைத்துச் சரிசெய்துவிடலாம்.

சரி, ஓட்டிவிடவேண்டியதுதானே? யார் ஓட்டுவது?

அங்கேதான் சிக்கல். 1960-களில் பழைய ஆலைக்காரர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் ஃபேக்டரிக்கும் ஆபீசுக்கும் போய்விட்டார்கள். எந்த மேகம் வந்தால் பாயைச் சுருட்டவேண்டும், எவ்வளவு காற்றில் எவ்வளவு துணி, பிரேக்கை எந்த அழுத்தத்தில் இறக்கவேண்டும் என்பதெல்லாம் அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த விஷயம். புத்தகத்தில் படித்துக் கை பழகாது. கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்குள்ளிருந்த ஆளைக் காப்பாற்ற மறந்துவிட்டார்கள்.

விழித்துக்கொண்டவர்கள் 1972-ல் ஒரு காரியம் செய்தார்கள். தன்னார்வ ஆலைக்காரர்களுக்கென்று ஒரு சங்கம். யார் வேண்டுமானாலும் சேரலாம். வாத்தியார், பேங்க் குமாஸ்தா, இல்லத்தரசி, கல்லூரி மாணவன். மிச்சமிருந்த பழைய ஆலைக்காரர்கள் குருவானார்கள். பயிற்சி ஒன்றும் விளையாட்டு இல்லை. குறைந்தது 150 மணி நேரம் ஆலையில் நின்று வேலை செய்யவேண்டும். அதுவும் எல்லாப் பருவத்திலும். கோடைக் காற்று வேறு, பனிக்காலக் காற்று வேறு. வானிலை படிக்கவேண்டும், பாதுகாப்பு படிக்கவேண்டும், கடைசியில் பரீட்சை எழுதவேண்டும். பாஸ் செய்தால் சம்பளம் உண்டா? கிடையாது. சனிக்கிழமை காலையில் ஆலைக்குப் போய்ப் பாய் விரிக்கும் உரிமை உண்டு. அவ்வளவுதான். அதற்குத்தான் அடித்துப் பிடித்து வந்தார்கள். இன்றைக்கு நெதர்லாந்தில் ஆலைகள் சுற்றுவது பெரும்பாலும் இவர்கள் தயவில்தான். கிண்டர்டைக்கிலேயே, பல ஆலைகளில் இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஓட்டத் தெரிந்தவர்கள்.

கணக்குப் படித்த புத்திக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒரு விஷயம் உண்டு. பல ஆலைகளில் ஆட்டோ மீட்டர் மாதிரி ஒரு மீட்டர் இருக்கிறது. வருடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணும். சில இடங்களில் சுற்றின் எண்ணிக்கையைப் பார்த்து ஊக்கத்தொகையே கொடுக்கிறார்கள். அதாவது, ‘நீ எவ்வளவு அழகாக வைத்திருக்கிறாய் என்பது அப்புறம். எவ்வளவு ஓட்டினாய், சொல்!’ பாரம்பரியச் சின்னத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான கணக்கு இருக்கமுடியாது.

அதோடு முடியவில்லை. ஆலையும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார். காற்று வேண்டாமா? பக்கத்தில் ஐந்து மாடி ஃப்ளாட் கட்டினால் காற்று அம்போ. அதனால் ஆலையைச் சுற்றிச் சுமார் 400 மீட்டர் வரைக்கும் கட்டடம் எவ்வளவு உயரம் எழும்பலாம், மரம் எவ்வளவு உயரம் வளரலாம் என்று பார்க்கிறார்கள். அன்றைக்குக் காற்றுக்கு வரி வாங்கினார்கள். இன்றைக்குக் காற்றுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் எல்லா இடத்திலும் ஜெயித்துவிடவில்லை. நகரம் வளர வளர, ஒவ்வொரு புதுக் கட்டடத்துக்கும் ஒரு சண்டை போடவேண்டியிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு என்ன மிஞ்சியது? இறைக்கிற வேலையை பம்ப் பார்த்துக்கொள்கிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். கிண்டர்டைக்கிலேயே ஆலைகளுக்குப் பக்கத்தில், பிரமாண்டமான ஸ்க்ரூக்கள் அலட்டிக்கொள்ளாமல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டிருக்கின்றன.

ஆலைகளுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. அவை பேசும். நிறுத்திய இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது ஒரு பாஷை. கீழ் இறக்கை அடிப்புள்ளியைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றால், ‘வந்துகொண்டிருக்கிறது’. வீட்டில் கல்யாணம், குழந்தை பிறந்திருக்கிறது. அடிப்புள்ளியைக் கொஞ்சம் தாண்டி நின்றால், ‘போய்விட்டது’. துக்கம். தந்தியும் போனும் இல்லாத சமவெளியில், தூரத்து ஆலையைப் பார்த்தே செய்தி தெரிந்துகொண்டார்கள்.

2014 ஜூலை 17-ம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் கிளம்பிய மலேசிய விமானம் எம்.எச்.17, உக்ரைன் வானத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர் இறந்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நெதர்லாந்துக்காரர்கள். 23-ம் தேதி முதல் உடல்கள் தாய்நாட்டுக்கு வந்தபோது, நாடு முழுக்க ஆலைகளின் இறக்கைகள் துக்கக் கோணத்தில் நின்றன. அதற்கு ஒவ்வொரு ஆலையிலும் ஒரு ஆள் வேண்டும். எந்தக் கோணம் துக்கம் என்று தெரிந்த ஆள், அந்த இடத்தில் இறக்கையைச் சரியாக நிறுத்தத் தெரிந்த ஆள். 1972-ல் அந்தச் சங்கம் ஆரம்பிக்காமல் இருந்திருந்தால், அன்றைக்குப் பல ஆலைகளில் அந்த ஆளே இருந்திருக்கமாட்டார்.

2017-ல் யுனெஸ்கோ மறுபடி வந்தது. இந்த முறை கட்டடத்துக்கு இல்லை. காற்றாலையும் நீராலையும் ஓட்டும் கைத்தொழிலை, மனிதகுலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடத்துக்கு 1997. ஆளுக்கு 2017. இருபது வருடம் லேட். பரவாயில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மே மாதம் இரண்டாவது வார இறுதியில் நெதர்லாந்து முழுக்க ஆலை தினம். நூற்றுக்கணக்கான ஆலைகளைத் திறந்து வைத்து ஓட்டிக் காட்டுகிறார்கள். மற்ற நாட்களிலும் கிராமத்துச் சாலையில் போகும்போது, ஆலையில் ஒரு நீலக் கொடி பறக்கிறதா என்று பாருங்கள். பறந்தால், ஆலைக்காரர் உள்ளே இருக்கிறார், நீங்கள் வரலாம் என்று அர்த்தம். இறக்கைப் பக்கம் மட்டும் போகாமல் தாராளமாக உள்ளே நுழையுங்கள். கேட்டால் எல்லாம் விளக்கிச் சொல்வார். நடுநடுவே ஜன்னல் வழியாக மேகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் பேசுவதைவிட அதுதான் அவருக்கு முக்கியமான வேலை.